ஒன்பது பிகா

"முன்னால் இருந்த சார் யாரும் இவ்வளவு தூரம் வந்ததில்லை." எங்கள் பேங்கில் கடன் வாங்கியிருந்த விவசாயி ஒருவர் சொன்னது இவ்வளவுதான். ஏப்ரல் முதல் வாரம், அசாமில் பிரம்மபுத்திரா நடுவே இருக்கிற மாஜுலித் தீவில், ஆற்றங்கரையில் நின்றுகொண்டு, பாதி அசாமியும் பாதி இந்தியுமாகச் சொன்னார். அன்றைக்கு அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன். ராத்திரி மனைவிக்கு போன் போட்டு, இங்கே விவசாயிகளுக்கு என்னை எவ்வளவு பிடித்திருக்கிறது தெரியுமா என்று அளந்தும் விட்டேன்.

ப்ரமோஷன் ஆர்டரில் ஊர்ப் பெயரைப் பார்த்து வீடே எழவு வீடு மாதிரி ஆனதையெல்லாம் எழுதப்போவதில்லை, பேங்கில் இருக்கிறவர்கள் எல்லார் வீட்டிலும் ஒருமுறையாவது நடந்திருக்கும். விவேக் எக்ஸ்பிரஸில் காட்பாடியில் ஏறி, இரண்டு நாளுக்கு மேல் உட்கார்ந்தும் படுத்தும் மரியானியில் இறங்கி, ஜோர்ஹாட் போய், நிமாதி படகுத்துறையில் படகுக்கு நின்றபோது எப்படியாவது ஆறு மாதத்தில் யாரையாவது பிடித்துத் திரும்பிவிட வேண்டும் என்றுதான் இருந்தது. அந்தப் படகில் பைக், கார், ஆட்டுக்குட்டி, சிலிண்டர், கல்யாணக் கோஷ்டி எல்லாம் ஒன்றாக ஏறும். ஒரு மணி நேரத்துக்கு மேல் போய்க்கொண்டே இருந்தது. கொள்ளிடக்கரைக்காரன் நான், ஆறு என்றால் எனக்குத் தெரியும் என்ற நினைப்பு நடு ஆற்றிலேயே போய்விட்டது.

பிடித்துப்போனது எப்போது என்று சொல்லத் தெரியவில்லை. கோடையில் நாலரை மணிக்கெல்லாம் விடிந்துவிடும், டிசம்பரில் சாயங்காலம் நாலரைக்கே இருட்டிவிடும். கோமல் சாவுல் என்று ஒரு அரிசி, அடுப்பே வேண்டாம், தண்ணீரில் ஊறவைத்தால் சோறாகிவிடும், தயிரும் வெல்லமும் போட்டுச் சாப்பிடலாம். முதல் தடவை அலுவலகத்து மெசஞ்சர் வீட்டில் அதைப் பார்த்துவிட்டு நம்ம ஊர் அவல்தானே என்றேன், வாயில் போட்டதும் இல்லை என்று தெரிந்தது. நமக்குப் போகி வருகிற அதே நேரத்தில் அவர்களுக்கு மாக் பிஹு. முதல் நாள் ராத்திரி ஊரே கூடிச் சமைத்துத் தின்றுவிட்டு, விடியற்காலையில் மேஜி என்று மூங்கிலையும் வைக்கோலையும் கோபுரமாகக் கட்டிக் கொளுத்துவார்கள். யார் வீட்டுக்குப் போனாலும் முதலில் வெற்றிலையும் பச்சைப் பாக்கும் வரும், அந்தப் பாக்குக்குப் பெயர் தாமோல். நம்ம தாம்பூலம்தான் அங்கே போய்ச் சுருங்கியிருக்கிறது. ஆற்று நடுவே எழும்பும் மணல்மேட்டை சாபோரி என்பார்கள். எங்கள் ஊரில் திட்டு.

இப்படியாக ஊர் பிடித்துப்போய், ஞாயிற்றுக்கிழமை சத்திரம் சத்திரமாகச் சுற்றி (நம்ம ஊர்ச் சத்திரம் இல்லை, அங்கே சத்திரம் என்றால் வைணவ மடம்), அதுவும் போதாமல் ஃபீல்ட் விசிட் என்றால் முதல் ஆளாக பைக்கை எடுக்க ஆரம்பித்தேன். மற்றவர்கள் மேஜையிலேயே முடித்துவிடுகிற இன்ஸ்பெக்‌ஷனுக்கெல்லாம் நான் நேரில் போனேன். அக்கறை என்று அப்போது சொல்லிக்கொண்டேன். உண்மையில் பாதி ஊர் சுற்றல்தான், சாயங்கால வெயிலில் ஆற்றோரமாகப் பைக் ஓட்டுகிற ஆசை.

விஷயத்துக்கு வருகிறேன். அந்த வாக்கியத்தைச் சொன்னவருக்கு அறுபது வயது இருக்கும். பேங்கில் எல்லாரும் அவரைக் குரா என்பார்கள், சித்தப்பா முறை, நானும் அப்படியே கூப்பிட்டேன். ஒன்பது பிகா நிலம், நம் கணக்கில் மூன்று ஏக்கர். அதற்குக் கேசிசியில், அதாவது விவசாயிகளுக்கான கிசான் கிரெடிட் கார்டு கடனில், 90,000 ரூபாய். மார்ச் கடைசியில் எங்களுக்கு வசூல் நெருக்கடி, எல்லா கிளையிலும் போல. நான்தான் போன் செய்தேன். குரா, 31-க்குள் கட்டிவிடுங்கள், வட்டிச் சலுகை கிடைக்கும், ஏப்ரலில் புதுப்பித்துத் தந்துவிடுகிறேன் என்றேன். கட்டினார். கையில் பணம் இருந்து கட்டவில்லை, வட்டிக்குக் கொடுக்கிற மகாஜனிடம் வாங்கிக் கட்டினார். எல்லாரும் அப்படித்தான் கட்டுகிறார்கள், பத்து நாளில் கடன் திரும்ப வந்துவிடும், மகாஜனுக்கு அடைத்துவிடலாம். எனக்கும் அது தெரியும். தெரியாது என்று எழுதினால் பொய்.

ரினியூவலுக்கு முன்னால் இன்ஸ்பெக்‌ஷன். போகாமலே கையெழுத்துப் போட்டிருக்கலாம். போனேன். ஏப்ரல் மாத பிஹு வரப் போகிற நேரம், எங்கேயோ டோல் அடித்துப் பழகிக்கொண்டிருந்தார்கள். அவர் வீட்டு மூங்கில் திண்ணையில் உட்கார்ந்து தாமோல் போட்டுவிட்டு, வயலைப் பார்க்கலாமா என்றேன். கரைக்குக் கூட்டிக்கொண்டு போனார். வெயில் சாய்ந்து தண்ணீர் முழுக்கச் செம்பு நிறம். நான் சும்மா இருந்திருக்கலாம், "எவ்வளவு அழகான இடம் குரா" என்றேன். ஆமாம் சார் என்றார். வயல் எங்கே என்றதற்கு மோவாயால் ஆற்றைக் காட்டினார். மீன் படகு ஒன்று போய்க்கொண்டிருந்தது. "அந்தப் படகு இப்போது என் வயலில்தான் போகிறது." சிரித்துக்கொண்டுதான் சொன்னார். போன வெள்ளம் வடிகிறபோது கரை பாளம் பாளமாக விழுந்திருக்கிறது. ஒன்பதில் மிச்சம் இரண்டு. அதற்கப்புறம்தான் அந்த வாக்கியம், முன்னால் இருந்த சார் யாரும் இவ்வளவு தூரம் வந்ததில்லை.

காகிதத்தில் ஒன்பது பிகாவும் இருந்தது. நம் விஏஓ மாதிரி அங்கே மண்டல் என்பவர், அவர் பதிவில் மாற்றம் ஏறவில்லை. அந்தத் தீவில் பத்திரத்தில் இருக்கிற நிலம் தரையில் இருந்துதான் ஆக வேண்டும் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை. ஒரு காலத்தில் 1,200 சதுர கிலோமீட்டருக்கு மேல் இருந்த மாஜுலி, இன்று அதில் பாதி தேறினால் பெரிது. 1950 பூகம்பத்துக்கு அப்புறம் பிரம்மபுத்திராவின் அடிமட்டமே உயர்ந்துபோய் அது கரையைத் தின்ன ஆரம்பித்ததை ஊரில் பெரியவர்கள் நேற்று நடந்த மாதிரி சொல்வார்கள்.

நான் இரண்டு பிகாவுக்கு 20,000 போட்டேன். கண்ணால் பார்த்துவிட்டு, இல்லாத நிலத்துக்கு எப்படிக் கடன் கொடுப்பது? ஆடிட்டில் மாட்டினால் என் இன்கிரிமென்ட் போகும், அதற்கு மேலும் போகும். விதிப்படி நான் செய்தது சரி, இன்றைக்குக் கேட்டாலும் அதையே செய்வேன். செய்வேனா? கட்டச் சொன்னதும் நான்தானே. போகாமல் இருந்திருந்தால் 90,000 அப்படியே புதுப்பித்திருக்கும், அவர் மகாஜனுக்கு அடைத்திருப்பார், அடுத்த மார்ச்சில் திரும்பவும் வாங்கிக் கட்டியிருப்பார். அதற்குப் பேர் கடன் இல்லை, சுழல். எத்தனை வருஷம் சுழலும்? ஆற்றில் போன நிலத்தின் மேல் ஏறுகிற கடனை நிறுத்தினேன், அது அவருக்கு நல்லதுதான் என்று கொஞ்ச நாள் சொல்லிக்கொண்டு திரிந்தேன். மகாஜனின் வட்டி எவ்வளவு என்று மட்டும் விசாரிக்கவில்லை.

சுய உதவிக் குழு வழியாக அவர் மனைவிக்கு நெசவுக்கு ஏதாவது செய்யலாம் என்று ஒருமுறை தோன்றியது. ஃபைல்வரை போனது. அப்புறம் ஜூன், வெள்ளம், வேறு வேலை.

இன்னொன்றும் இருக்கிறது, இதைச் சொன்னால் முன்னால் சொன்னது எல்லாம் எதிர்ப்பக்கம் திரும்பிவிடும். இரண்டு வருஷம் முடிந்து ஊருக்கு மாற்றல் கேட்கலாம் என்று வந்தபோது, நானாக இன்னொரு வருஷம் இருக்கிறேன் என்று எழுதிக்கொடுத்தேன். ஜோனல் ஆபீஸில் இரண்டு தடவை போன் போட்டு நிஜமாகவா என்று கேட்டார்கள். மாமியார் என்னோடு பேசுவதையே நிறுத்தினார். அவ்வளவு பிடித்திருந்தது. அந்த மூன்றாவது வருஷம் முழுக்க, கார்த்திகைப் பௌர்ணமிக்குக் கிருஷ்ணன் கதையை ஆடுகிற ராஸ் பார்த்தேன், கடுகு பூத்த சாபோரிகளில் நடந்தேன், குரா ஊர்ப் பக்கம் மட்டும் பைக்கைத் திருப்பவே இல்லை. அந்த ஏரியா இன்ஸ்பெக்‌ஷன்களை மேஜையிலேயே முடித்தேன். எத்தனை பிகா தண்ணீரில் இருந்ததோ, எல்லாவற்றிலும் கையெழுத்துப் போட்டேன்.

கிளம்புகிற அன்று கமலாபாரி படகுத்துறையில் அவரைப் பார்த்தேன். மூட்டையோடு நின்றுகொண்டிருந்தார், அவர்தான் முதலில் பார்த்துக் கிட்டே வந்தார். மடித்து வைத்திருந்த தாமோலைக் கொடுத்தார். எதிர்க்கரையில் புதிதாகச் சாபோரி எழும்புகிறது, அடுத்த வருஷம் அதில் கடுகு போடப்போவதாகச் சொன்னார். நான் தலையாட்டிக்கொண்டே இருந்தேன். படகில் பைக் ஏற்றுகிற பலகையைப் போட ஆரம்பித்தார்கள்.

"புது மேனேஜர் சார் எந்த ஊர்?" என்று கேட்டார். ஒடிசா என்றேன்.

"அவருக்கும் ஊர் சுற்றிப் பார்க்கப் பிடிக்குமா?"

தெரியாது குரா என்றேன். லாஹே லாஹே, மெதுவாக ஏறுங்கள், பலகை வழுக்கும் என்று சொல்லிவிட்டு என் பெட்டியில் ஒன்றை அவரே தூக்கிக்கொண்டு முன்னால் போனார்.