புல்லின் பக்கம் நின்று பேசும் பழமொழிகள்

சிங்கத்தின் முகமும் அந்திச் சூரியனும் பின்னணியில் இருக்க, நடுவே ஒரு வரியை எழுதி, அடியில் "ஆப்பிரிக்கப் பழமொழி" என்று போட்டு அனுப்பப்படும் படங்கள் வாட்ஸ்அப்பில் நாள்தோறும் வருகின்றன. வரிகளில் பலவும் நல்ல வரிகள்தாம். எனக்கு உறுத்தலாக இருப்பது அந்த அடிக்குறிப்பு. 54 நாடுகளும் ஏறத்தாழ 2,000 மொழிகளும் கொண்ட ஒரு கண்டத்தை ஒரே ஊராகச் சுருக்கிவிடும் அந்தக் குறிப்பை நாம் எளிதாகக் கடந்துபோகிறோம். உசிலம்பட்டிப் பக்கம் வழங்கும் ஒரு சொலவடையை எடுத்து "ஆசியப் பழமொழி" என்று யாராவது அச்சிட்டால் நாம் ஒப்புக்கொள்வோமா? மேலூருக்கும் கம்பத்துக்கும் இடையிலேயே சொலவடைகள் மாறிவிடுகின்றன. ஆகவே, இயற்கையை வைத்துச் சொல்லப்பட்ட ஆப்பிரிக்கப் பழமொழிகளைக் குறிப்பேட்டில் எழுதத் தொடங்கியபோது, இன்ன மக்கள் சொன்னது, இன்ன மொழியில் வழங்குவது என்று தெரிந்தவற்றை மட்டுமே சேர்ப்பது என்று முடிவு செய்துகொண்டேன். விரைவாகப் போக விரும்பினால் தனியாகப் போ, தொலைவு போக விரும்பினால் சேர்ந்து போ என்று மேடைதோறும் ஒலிக்கிறதே, அந்த வரிக்கு என் குறிப்பேட்டில் இடம் கிடைக்கவில்லை. அது எந்த மக்களுடையது என்று இதுவரை யாரும் நிறுவிக் காட்டியதில்லை.

முதலில் எழுதியது சுவாகிலிப் பழமொழி ஒன்றை. கென்யா, தான்சானியா நாடுகளில் பெருவாரியாகப் பேசப்படும் அந்த மொழியில், "யானைகள் சண்டையிட்டால் வதைபடுவது புல்" என்பார்கள். இதைப் படித்தபோது உடனே நினைவுக்கு வந்தது திருக்குறளில் வரும் யானைச் சண்டைதான். தன் கையில் பொருளை வைத்துக்கொண்டு ஒரு செயலில் இறங்குவது, குன்றின்மேல் ஏறி நின்று யானைப் போரைக் காண்பது போன்றது என்கிறது 758ஆம் குறள். அதே விலங்கு, அதே சண்டை. வள்ளுவர் காண்பவனை ஆபத்து எட்டாத உயரத்தில் நிறுத்துகிறார். அவர் சொல்ல வந்த பொருளுக்கு அந்த உயரம் தேவைப்படுகிறது. சுவாகிலிப் பழமொழியைச் சொன்னவருக்கு ஏறி நிற்பதற்குக் குன்று எதுவும் இல்லை. அவர் யானைகளின் கால்களுக்குக் கீழே, புல்லோடு புல்லாக இருந்து அந்தச் சண்டையைப் பார்க்கிறார். ஆப்பிரிக்கக் களிறு 6 டன் எடைவரை வளரக்கூடியது. அப்படி இரண்டு மோதிக்கொள்ளும் வெளியில் மான் ஓடிவிடும், பறவை பறந்துவிடும், புல் மட்டும் வேர்விட்ட இடத்தில் நின்றாக வேண்டும். ஓட முடியாதது எது என்று பார்த்துப் பொறுக்கி எடுத்திருப்பதால்தான் இந்தப் பழமொழிக்கு இவ்வளவு வலு.

எங்கள் பக்கத்து ஊர் ஒன்றில், கோயில் திருவிழாவின் முதல் மரியாதை யாருக்கு என்று இரண்டு பெரிய வீட்டார் மல்லுக்கு நின்றதில் திருவிழாவே நின்றுபோனது. வழக்காடியவர்களுக்குச் சோற்றுக்குக் குறைவில்லை. அந்த ஆண்டு வருமானத்தை இழந்தவர்கள் பந்தல் போடுபவரும், மேளக்காரரும், மல்லிகைப்பூக் கட்டும் பெண்களும், ராட்டினம் கொண்டுவருபவரும்தான். அவர்களில் ஒருவரிடம் சுவாகிலிப் பழமொழியைச் சொன்னேன். "இதச் சொன்னவரு நம்ம ஊர்க்காரராத்தான் இருக்கணும்" என்றார்.

பெரியவற்றின் பெருமையைப் பாடுவதைவிடச் சிறியவற்றின் நிலையில் நின்று உலகைப் பார்க்கும் பழமொழிகளே என் குறிப்பேட்டில் மிகுதியாகச் சேர்ந்திருக்கின்றன. சிலந்தி இழைகள் ஒன்று சேர்ந்தால் சிங்கத்தையும் கட்டிவிடும் என்பது எத்தியோப்பியாவின் அம்ஹாரிக் மொழி வழக்கு. சிலந்தி இழை எடைக்கு எடை எஃகைவிட வலுவானது என்று இன்று ஆய்வகத்தில் அளந்து சொல்கிறார்கள். அதைக் கையால் தொட்டுப் பார்த்தவர்கள் முன்பே அறிந்திருந்தார்கள். நைஜீரியாவின் இக்போ மக்களிடம் ஒரு சிறு பறவையின் கூற்றாகவே ஒரு பழமொழி உண்டு. மனிதர்கள் குறி தவறாமல் எய்யக் கற்றுக்கொண்டார்கள், ஆகவே நான் எங்கும் அமராமல் பறக்கக் கற்றுக்கொண்டேன் என்கிறது அந்தப் பறவை.

அதே இக்போ மக்களின் இன்னொரு பழமொழி ஆசிரியப் பணியில் எனக்குக் கைகொடுத்து வருகிறது. "தேரை காரணமில்லாமல் பட்டப்பகலில் ஓடாது." தேரை இரவில் இரை தேடும் உயிர், பகலில் தோல் உலர்ந்துவிடாமல் கல்லிடுக்கிலும் ஈரமண்ணிலும் ஒடுங்கிக் கிடப்பது. அது வெயிலில் துள்ளிக்கொண்டு ஓடினால், பின்னால் ஏதோ ஒன்று துரத்துகிறது, அல்லது முன்னால் ஏதோ ஒன்று அதை இழுக்கிறது என்று பொருள். நெருப்பில்லாமல் புகையாது என்று நாமும் சொல்கிறோம். ஆனால் அந்தச் சொல்லை நாம் பெரும்பாலும் ஒருவர்மேல் பழி சுமத்தவே பயன்படுத்துகிறோம். தேரைப் பழமொழி பழி பேசவில்லை, என்ன நேர்ந்தது என்று கேட்கச் சொல்கிறது. வகுப்பில் எப்போதும் அமைதியாக இருக்கும் ஒரு பையன் திடீரென்று சக மாணவனை அடித்துவிட்டான். அவனைக் கண்டிக்கும் முன் தனியே அழைத்து விசாரித்தபோது, அவன் தந்தை வேலைக்காகத் திருப்பூர் சென்று மாதக்கணக்கில் பணமோ பேச்சோ இல்லை என்பதும், அதைச் சொல்லி அந்த மாணவன் அவனைக் கேலி செய்தான் என்பதும் தெரிந்தன. அடித்தது தவறு என்பதை அவனுக்குச் சொல்லத்தான் செய்தேன், ஆனால் அன்று அவனிடம் பேசிய குரல் வேறாக இருந்தது.

இனி அத்திப்பழம். இதைச் சற்று விரிவாகவே எழுத வேண்டும். தென்னாப்பிரிக்காவின் சூலு மக்கள், "அழகான அத்திப்பழத்தின் உள்ளே நிறையப் புழு" என்பார்கள். "அத்திப்பழத்தைப் பிட்டுப் பார்த்தால் அத்தனையும் புழு" என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறோம். இந்தியப் பெருங்கடலின் இரண்டு கரைகளிலும், ஒருவரை ஒருவர் அறியாத மக்கள், ஒரே இனப் பழத்தைப் பிட்டு, ஒரே புழுவைக் கண்டு, தோற்றத்தை நம்பாதே என்ற ஒரே முடிவுக்கு வந்திருக்கிறார்கள். அவர்கள் மரமும் நம் அத்தியைப் போலவே அடிமரத்திலும் கிளைகளிலும் கொத்துக் கொத்தாகக் காய்ப்பது.

அழகர்கோவில் மலையில் நூபுர கங்கைக்கு ஏறும் வழியில் அத்திப்பழங்கள் உதிர்ந்து கிடந்தன. சிவந்த, மெல்லிய பூனைமயிர் படர்ந்த பழம் ஒன்றை எடுத்து விரலால் பிட்டேன். உள்ளே சதை என்று நாம் நினைப்பது உண்மையில் நூற்றுக்கணக்கான நுண்ணிய பூக்களின் நெருக்கம். அவற்றுக்கு நடுவே கொசுவைவிடச் சிறிய, கருமையான பூச்சிகள் சில இறக்கை விரித்து வெளிச்சத்துக்கு வந்தன. அவை அத்திக் குளவிகள். பெண் குளவி காயின் நுனியில் இருக்கும் ஊசிமுனைத் துளை வழியே, இறக்கைகள் ஒடிந்துபோக உள்ளே நுழைந்து, தான் கொண்டுவந்த மகரந்தத்தை உள்ளிருக்கும் பூக்களில் சேர்த்து, சில பூக்களில் முட்டையிட்டு, அங்கேயே இறந்துவிடுகிறது. முட்டையிலிருந்து வரும் இறக்கையற்ற ஆண் குளவிகள் இணைசேர்ந்தபின், வெளியேறும் வழியைக் குடைந்து கொடுத்துவிட்டு மடிகின்றன. அந்த வழியாகப் புதிய பெண் குளவிகள் மகரந்தத்துடன் அடுத்த மரத்தைத் தேடிப் பறக்கின்றன. பூக்கள் உள்ளே மறைந்திருப்பதால்தான் அரிதாக நடப்பதை "அத்தி பூத்தாற்போல" என்கிறோம். அந்தப் "புழு" இல்லாவிட்டால் அத்திக்கு விதை இல்லை, விதை இல்லாவிட்டால் அடுத்த மரமும் இல்லை.

ஆக, சூலு மக்களும் நம் முன்னோரும் கண்டது சரி, சொன்ன தீர்ப்பு பாதி என்றே எனக்குப் படுகிறது. இப்படிச் சொல்வதால் அந்தப் பழமொழியின் மதிப்பு குறைவதாக நான் நினைக்கவில்லை. பிட்டுப் பார் என்று சொல்லி நம்மை மரத்தடிக்கு அனுப்புகிறது அது. அங்கே நாம் காண்பது அதில் சொன்னதைக் காட்டிலும் பெரியதாக இருக்கிறது.

பழமொழிகளின் இந்த ஒற்றுமையைக் கண்டு நான் முதலில் வியந்தேன். பிறகு நம் மானாவாரி நிலங்களை நினைத்துப் பார்த்தபோது அந்த வியப்பு வேறொரு புரிதலாக மாறியது. திருமங்கலம், பேரையூர் பக்கத்துக் கரிசலில் விளையும் சோளத்தின் தாயகம் வடகிழக்கு ஆப்பிரிக்கா. கம்பு, சகாரா பாலைவனத்தின் தெற்கு விளிம்பில் மனிதர் வசப்படுத்திய தானியம். கேழ்வரகு கிழக்கு ஆப்பிரிக்க மலைநாடுகளிலிருந்து வந்தது. தட்டைப்பயறும் அந்தக் கண்டத்துக்கு உரியதே. நம் சாலையோரங்களில் நிழல்தரும் புளியமரத்துக்கும் பூர்வீகம் ஆப்பிரிக்கா என்பது பலருக்குத் தெரிவதில்லை. ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்பே கடல் கடந்து வந்த இந்தப் பயிர்களை, வானத்தைப் பார்த்து விதைப்பவர்கள் இரு கரையிலும் பயிரிடுகிறார்கள். "மழைக்கு அடையாளம் மேகம்" என்று சுவாகிலி பேசுவோர் சொல்வதையும், "அந்தி ஈசல் பூத்தால் அடைமழைக்கு அச்சாரம்" என்று நம் ஊரில் சொல்வதையும் அடுத்தடுத்த வரியில் எழுதி வைத்திருக்கிறேன். இரண்டில் நம் ஊர்க்காரரின் கண்ணே கூர்மை என்பது என் கருத்து. மேகத்தை யாரும் பார்ப்பார்கள், ஈசலைப் பார்க்கத் தரையைக் கவனிக்க வேண்டும்.

சில பழமொழிகளுக்கு விளக்கமே தேவைப்படவில்லை. "மீன் பச்சையாக இருக்கும்போதே அதை வளை" என்பதும் சுவாகிலி வழக்குதான். ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா என்ற நம் கேள்விக்கு அதைவிட நெருக்கமான உறவு இருக்க முடியாது. வாளைக் கருவாட்டை ஆய்ந்துகொண்டிருந்த என் அத்தையிடம் இதைச் சொன்னபோது, கையிலிருந்த துண்டைச் சற்று வளைத்துக் காட்டினார். அது படக்கென்று ஒடிந்தது. "கறந்த பாலு மடிக்குப் போகாது, கருவாடு மீனாகாதுப்பா" என்று தம் பங்குக்கு ஒன்றைச் சொல்லிவிட்டு வேலையைத் தொடர்ந்தார்.

கானா, டோகோ நாடுகளில் வாழும் ஈவே மக்கள், அறிவு ஒரு பாவோபாப் மரம், அதை ஒருவர் கைகளால் கட்டியணைக்க முடியாது என்பார்கள். அடிமரத்தில் நீரைச் சேமித்துக் கோடையைக் கடக்கும் அந்த மரத்தை மன்னாரில் பெருக்க மரம் என்கிறார்கள். அரபு வணிகர்களோடு கடல் வழியே வந்தது என்று அங்கே சொல்வது வழக்கம். பத்துப் பேர் கைகோத்தாலும் சுற்ற முடியாத மரங்கள் உண்டு. அணைக்க முடியாது என்று தெரிந்தும் கைகளை விரித்துப் பார்த்தவர்தான் இந்தப் பழமொழியைச் சொல்லியிருக்க முடியும் என்பதால் இது எனக்கு மிகவும் பிடித்தமானது.

மதுரைக்காரனாக என்னை அதிகம் வருத்தியது யொரூபா பழமொழி. "தன் ஊற்றை மறந்த ஆறு வறண்டுபோகும்." பெற்றோரையும் ஊரையும் மறந்தவர்களைப் பார்த்துச் சொல்வதற்காக இதை யொரூபா மக்கள் பயன்படுத்துகிறார்கள். அவர்கள் ஆற்றையும் உண்மையாகவே மறக்கவில்லை. நைஜீரியாவில் ஒசோக்போ நகரின் விளிம்பில், ஓசுன் ஆற்றின் கரையில் அந்த ஆற்றுத் தெய்வத்துக்குரிய காட்டை வெட்டாமல் காத்து வருகிறார்கள். 2005இல் யுனெஸ்கோ அதை உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. ஆண்டுதோறும் ஆகஸ்ட் மாதத்தில் திருவிழாவுக்காகப் பெருங்கூட்டம் அங்கே கூடுகிறது.

நமக்கும் ஆற்றில் திருவிழா உண்டு. அழகர் இறங்குவதற்காக வைகை அணையிலிருந்து நீர் திறந்துவிடுகிறார்கள், லட்சக்கணக்கானோர் கூடுகிறோம். 1895இல் பெரியாற்று நீரை மலையைக் குடைந்து இந்தப் பக்கம் திருப்பிய பென்னிகுயிக்கையும் நன்றியோடு நினைக்கிறோம், அது முறையே. ஆனால் வருசநாட்டு மலைகளில் பிறந்து, மூல வைகை என்ற பெயரோடு இறங்கிவரும் நம் சொந்த ஆற்றின் ஊற்றைப் பற்றியும், அங்கே காடு அழிக்கப்பட்டதைப் பற்றியும் நகரத்தில் பேச்சே எழுவதில்லை. என் வகுப்பு மாணவர்களிடம் வைகையை மதுரையிலிருந்து மேல்நோக்கி வரையச் சொன்னேன். பெரும்பாலோர் 1959இல் திறக்கப்பட்ட அணைவரை வரைந்து பென்சிலை வைத்துவிட்டார்கள். யொரூபா பழமொழியைக் கரும்பலகையில் எழுதி, அணைக்கு மேலே ஆறு எங்கிருந்து வருகிறது என்று வீட்டில் கேட்டு வரச் சொல்லியிருக்கிறேன். வருசநாட்டில் உறவினர் இருப்பதாக ஒரு மாணவி சொல்லியிருக்கிறாள். அந்த மலையடிவாரத்தில் ஆற்றைப் பற்றி வழங்கும் சொலவடை ஏதேனும் கிடைத்தால், ஊர்ப் பெயரோடு குறிப்பேட்டில் யொரூபா வரிக்கு அடுத்த வரியில் எழுதப் போகிறேன்.