கல்லில் ஒரு லட்சக் கூடு

மூன்று கற்கள் பாழான பிறகு, நான்காவது கல்லில் லட்சக் கூடு, அதாவது ரோமானிய எண்ணை லட்சம் மடங்காக்கும் மூன்று பக்கக் கோடு, மூலை தெறிக்காமல் நேற்று அமைந்துவிட்டது. 2011 கணக்கெடுப்பில் பதிவான நம் குமரி மாவட்ட மக்கள்தொகை 18,70,374ஐ ரோமானிய எண்ணில் செதுக்கி வருகிறேன். அதில் 18 மட்டும் முடிந்திருக்கிறது.

ரோமானிய எழுத்தின் மேல் மேற்கோடு இட்டால் ஆயிரம் மடங்கு என்பது பலரும் அறிந்ததே. அந்த வழியில் போனால் 1,870க்கு உரிய எட்டு எழுத்துகளின் மேலும் ஒரே நீண்ட கோடு வேண்டும். இடம், மேல், வலம் என மூன்று பக்கமும் கோடு சூழ்ந்தால் நூறாயிரம் மடங்கு. ரோமானியர் பத்து லட்சத்தைப் 'பத்து முறை நூறாயிரம்' என்றே சொன்னார்கள். பழந்தமிழ் எண்ணிலும் ௱, ௲ இரண்டையும் அடுத்தடுத்து எழுதினால் லட்சம்தான். ஆகவே 18க்குக் கூடு, 70க்கு மேற்கோடு, 374 வெறுமனே என்று பிரித்தால், நாம் வாயால் சொல்லும் வரிசையிலேயே எண் கல்லில் வந்து அமர்கிறது.

வலப்பக்கக் கோடுதான் என்னைப் படுத்தியது. 18 (XVIII) மூன்று 'ஐ'களில் முடிவதால், மூலை தெறித்த கல்லில் அந்தக் கோடு தனித்து நின்று நான்காவது 'ஐ' போலத் தெரிந்தது. 19ஐ நான்கு 'ஐ' இட்டு எழுதும் வழக்கமும் ரோமானியரிடம் இருந்ததால் இதைச் சிறு பிழையென்று விட முடியாது. இரண்டு கோடுகளையும் மூலையை நோக்கி வெட்டிச் சென்றதே தவறு. இம்முறை மூலையில் முதல் வெட்டை வைத்து, அங்கிருந்து இருபுறமும் வெளியே நகர்ந்தேன். எழுத்துகளைவிடக் கோட்டைச் சற்று நீட்டி, இடைவெளியையும் கூட்டினேன்.

கடையில் வாங்கிய உளி கருங்கல்லில் இரண்டே நாளில் மழுங்கிவிட்டது. மயிலாடியில் சிற்பி ஒருவர் காட்டிய கார்பைடு முனை உளிதான் நிற்கிறது. பட்டறையில் மிஞ்சும் துண்டுக் கற்களும் அங்கேயே கிடைக்கின்றன.

அடுத்த கல்லையும் எடுத்து வைத்துவிட்டேன். இந்தியா ஆண்டுதோறும் ரோமிடமிருந்து 5 கோடி செஸ்டர்ஸுக்கு (ரோமானிய நாணயம்) குறையாமல் ஈர்க்கிறது என்று முதல் நூற்றாண்டில் ரோமானிய எழுத்தாளர் பிளினி குறித்த தொகை அதில் வரும்: கூட்டுக்குள் ஒரே ஒரு 'டி' (D, 500). பேரரசி லிவியா, பின்னாளில் பேரரசரான கல்பாவுக்கு உயிலில் எழுதிவைத்ததும் இதே 5 கோடிதான். தொகை சொல்லில் இல்லாமல் குறியில் இருந்ததால் லிவியாவின் மகனான பேரரசர் திபேரியஸ் அதை 5 லட்சமாகக் குறைத்தார் என்று ரோமானிய வரலாற்றாசிரியர் சுவெட்டோனியஸ் பதிவுசெய்திருக்கிறார். பக்கக் கோடுகள் இல்லாமல் மேற்கோடு மட்டும் நின்றால் அதே 'டி' சரியாக 5 லட்சம்.

இந்தக் கல்லில் 70இன் மேற்கோட்டைக் காவியால் குறித்து வைத்திருக்கிறேன். அது கூட்டின் மேல்கோட்டோடு சேர்ந்துவிடாதிருக்க, நடுவே ஒரு விரல் இடம் விட்டிருக்கிறேன்.