ஒரே சண்டைக்கு இரண்டு கல்

"மேற்கே என்ன மாமா இருக்கு, வெறும் காடு" என்றான் அக்கா மகன். பாஸ்டனிலிருந்து ஒன்றரை மணி நேர ஓட்டத்தில் ஸ்பிரிங்ஃபீல்ட். பழைய ஆயுதக் கிடங்கு இப்போது அருங்காட்சியகம். அவன் துப்பாக்கிகளைப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் வெளியே வந்து மேட்டில் நின்றேன். நவம்பர் காற்று காதை அறுத்தது.

1787 ஜனவரி 25. கிடங்கின் ஆயுதங்களைக் கைப்பற்ற, இந்த மேட்டை நோக்கித்தான் கலகத் தலைவன் டேனியல் ஷேய்ஸின் ஆட்கள் பனியில் நடந்து வந்தார்கள். பெரும்பாலும் விவசாயிகள், பலர் அமெரிக்கச் சுதந்திரப் போரில் சண்டையிட்டவர்கள். சம்பளத்துக்குப் பதில் கிடைத்த பத்திரங்களை வயிற்றுப்பாட்டுக்காக அடிமாட்டு விலைக்கு விற்றிருந்தார்கள். அவற்றை வாங்கிவைத்தவர்களுக்கு முழு விலை கொடுக்க மாசசூசெட்ஸ் அரசு இவர்களிடமே வரி கேட்டது, அதுவும் நாணயமாக. கையில் காசு ஏது? நிலம் ஜப்தி, ஆளுக்குச் சிறை. ஷேய்ஸே, அந்தப் போரில் உதவிய பிரெஞ்சுத் தளபதி லஃபாயெத் பரிசளித்த வாளை விற்றவர். அதனால் 1786 ஆகஸ்டில் நார்த்தாம்ப்டனில் தொடங்கி ஊர் ஊராகப் போய்க் கோர்ட்டையே நடக்கவிடாமல் செய்தார்கள். கோர்ட் இல்லையென்றால் ஜப்தியும் இல்லை. எளிய கணக்கு!

கிடங்கைக் காத்தவர்களும் அதே மாநிலத்து ஆட்கள்தான். முதல் குண்டுகள் தலைக்கு மேலே போயின. அடுத்தவை கூட்டத்துக்குள். நான்கு பேர் செத்தார்கள்.

பெல்ச்சர்டவுனிலிருந்து வடக்கே போகும் 202ஆம் சாலையின் பெயரைப் பார்த்துச் சிரித்துவிட்டேன்: டேனியல் ஷேய்ஸ் நெடுஞ்சாலை. வலப்பக்கம் குவாபின் நீர்த்தேக்கம் மரங்களுக்கிடையே வந்து வந்து மறைந்தது.

பீட்டர்ஷாமில் தேடியது இரண்டு நினைவுக் கற்களை. பிப்ரவரி 4 விடியலில், அரசு தரப்பு ஜெனரல் பெஞ்சமின் லிங்கனின் படை பனிப்புயலில் இரவெல்லாம் நடந்துவந்து ஷேய்ஸ் கூட்டத்தைச் சிதறடித்த ஊர் இது. பழைய கல், சட்டத்துக்குப் பணிவதே சுதந்திரம் என்கிறது. பின்னால் வைத்த கல்லோ, நீதிக்காகச் சட்டத்தை எதிர்க்கவும் நேரலாம் என்கிறது. லிங்கன் படைக்குக் காசு கொடுத்தது பாஸ்டன் பணக்கார வணிகர்கள் என்றும் போட்டு உடைக்கிறது. உண்மைதான். பழைய கல் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. எனக்குப் பிடித்தது இரண்டாவது. ஆனால் முதலாவதைப் பிடுங்காமல் விட்ட ஊரையும் பிடித்தது.

ஷேய்ஸுக்கு 1788இல் மன்னிப்புக் கிடைத்தது. தூக்கில் தொங்கியவர்கள் ஜான் பிளை, சார்லஸ் ரோஸ் என்ற இருவர். அதுவும் கலகத்துக்காக அல்ல, வீடு புகுந்து திருடியதாக. அது நடந்த லெனாக்ஸுக்கும் போகலாம் என்றேன்.

"மணி நாலரை மாமா, இருட்டிடுச்சு" என்று வண்டியைத் திருப்பினான்.