சிவப்புக் கொடியும் ஐந்தரை மணி அமர்வும்

"கடல்ல இறங்க வேண்டாம்னு ஒரு வரி போடுங்க, போதும். மாநாட்டுக்கு வர்றவங்களுக்கு நீச்சல் பாடமா எடுக்கப்போறோம்?" என்றார் ஒருங்கிணைப்பாளர். கோவா மாநாட்டுக்கு வருகிறவர்களுக்காக நான் எழுதிய பயணக் குறிப்பில் கடலுக்கு மட்டும் ஒரு முழுப் பக்கம் போனது. அவர் சொன்னது சரியா, போட்டது சரியா என்ற கேள்வி இன்னும் அடங்கவில்லை.

கோவாவில் ஜூலை மாதம் மாநாடு ஏன் வைக்கிறார்கள் என்று யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. மழைக்காலத்தில் அறை வாடகை இறங்கிவிடும். குறிப்பின் மற்ற பகுதிகளில் வாக்குவாதமே இல்லை. டிக்கெட் போடும் முன் டபோலிமா, மோப்பாவா என்று பாருங்கள். 2023 ஜனவரியிலிருந்து அங்கே இரண்டு விமான நிலையங்கள். தெற்கே கோல்வா கடற்கரைப் பக்கம் தங்குகிறவர் வடக்கே மோப்பாவில் இறங்கினால் மழையில் 60 கிலோமீட்டருக்கு மேல் வர வேண்டும். டிக்கெட்டில் மிச்சம் பிடித்தது டாக்ஸிக்குச் சரியாகிவிடும். ஓலா, ஊபரை நம்பி வெளியே வந்து நிற்காதீர்கள். விமான நிலைய பிரீபெய்டு கவுன்டர், இல்லாவிட்டால் கோவாமைல்ஸ் டாக்ஸி செயலி. வாடகை ஸ்கூட்டர் என்றால் நம்பர் பிளேட் கறுப்பு, எழுத்து மஞ்சள். வெள்ளை பிளேட் வண்டியைத் தள்ளிவிடப் பார்ப்பார்கள். போலீஸ் மறித்தால் மாட்டுவது ஓட்டுகிறவர்தான். ரயிலில் வருகிறவர்கள் கொங்கண் ரயில்வேயின் மழைக்கால அட்டவணையைப் பார்க்க வேண்டும், அது தனி. இதில் எது தவறினாலும் பணத்தோடு போய்விடும்.

கடல் விஷயம் வேறு. 'இறங்க வேண்டாம்' என்றால் கேட்கிறவர் எப்படியும் இறங்கமாட்டார். 'முழங்கால் வரைக்கும்தானே' என்று நினைப்பவருக்கு அந்த ஒரு வரியில் ஒன்றும் இல்லை. முழங்கால் ஆழத்தில்தான் திரும்பும் அலை காலடி மணலை அரித்துக்கொண்டு போகிறது. தடுமாறி விழுந்தவர் எழுவதற்குள் அடுத்த அலை வந்துவிடும். அதைவிட மோசமானது ரிப் கரண்ட். அலைகள் மணல் திட்டைத் தாண்டிக் கொண்டுவந்து கொட்டும் தண்ணீர், திட்டில் எங்கே இடைவெளி இருக்கிறதோ அதன் வழியாகத் திரும்பி ஓடும். அந்த இடத்தில் அலை உடையாது, நுரை குறைவு, தண்ணீர் கொஞ்சம் கலங்கலாக இருக்கும். 'இங்கே அமைதியாக இருக்கிறதே' என்று புதிதாக வருகிறவர் தேர்ந்தெடுப்பது அதே இடத்தைத்தான். அதன் வேகத்தை நொடிக்கு 2 மீட்டருக்கு மேலும் அளந்திருக்கிறார்கள். 100 மீட்டர் ஃப்ரீஸ்டைல் உலக சாதனை வேகமே அதை ஒட்டித்தான். ஆகவே கரையை நோக்கி எதிர்நீச்சல் போடுகிறவர் களைத்து மூழ்குகிறார். அது ஆளை அடியில் இழுப்பதில்லை, வெளியேதான் கொண்டுபோகிறது. மிதந்தபடி கையைத் தூக்கிக் காட்டுங்கள். தெம்பு இருந்தால் கரைக்கு இணையாக நீந்தி, அலை உடையும் இடத்துக்கு வந்த பிறகு அலையோடு சாய்வாகத் திரும்புங்கள். இதுதான் அந்தப் பக்கத்தின் சாரம்.

மாநாடு முடிந்த பிறகு ஓர் இளம் பேராசிரியர் பாராட்டாகவே சொன்னார்: "சார், உங்க குறிப்பைப் படிச்சதாலதான் தைரியமா இறங்கினேன்." கொடி என்ன நிறம் என்று கேட்டதற்கு, சிவப்பு என்றார்.

கொடி விவரமும் அதே பக்கத்தில் இருந்தது. சிவப்பும் மஞ்சளும் சேர்ந்த கொடிகளுக்கு நடுவே மட்டும் குளிக்கலாம், தனிச் சிவப்பு என்றால் கூடாது. அவர் தப்பிக்கும் வழியை நினைவில் வைத்துக்கொண்டார், கொடியை விட்டுவிட்டார். அப்படியானால் தப்பிக்கும் வழியை எழுதாமல் விடுவதா? மாட்டிக்கொள்கிறவருக்கு வேறு என்ன துணை? அந்த வழியும் உத்தரவாதமானதில்லை. சில ரிப் கரண்டுகள் வட்டமாகச் சுற்றிக் கரைப்பக்கமே திரும்பும். இணையாக நீந்தும் திசை தவறினால் அங்கேயும் எதிர்நீச்சல்தான். அதனால்தான் முதலில் மிதக்கச் சொல்கிறார்கள். இந்த நுணுக்கத்தையும் சேர்த்தால் பக்கம் இரண்டாகும், யாரும் படிக்கமாட்டார்கள். ஒருங்கிணைப்பாளரின் ஒரு வரி அப்போது அவ்வளவு மோசமாகத் தெரிவதில்லை. ஆனால் அதே ஒரு வரியைப் போட்டிருந்தாலும் இந்தப் பேராசிரியர் இறங்கியிருப்பார் என்றுதான் தோன்றுகிறது. நிச்சயமாகச் சொல்ல முடியாது.

உண்மையில் பெரிய ஓட்டை நிகழ்ச்சி நிரலில் இருந்தது. கோவா கடற்கரைகளில் உயிர்காப்பாளர்கள் பணி நேரம் காலை 7.30 முதல் மாலை 6 வரை. கடைசி அமர்வு ஐந்தரைக்கு முடிந்து, டீ குடித்து, சட்டை மாற்றிக் கரைக்குப் போனால் மணி ஆறேகால். ஜூலையில் சூரியன் மறைவது ஏழு மணிக்கு மேல். வெளிச்சம் இருக்கிறது, கூட்டமும் இருக்கிறது, டவரில் ஆள் இல்லை. போதாததற்கு மதியமே பீர் குடித்தவர் ஒருவராவது அந்தக் கூட்டத்தில் இருப்பார். அமர்வுகளை நாலு மணிக்கு முடிக்கலாமா என்றபோது, "பீச்சுக்காக கீநோட் பேச்சை மாத்தச் சொல்றீங்களா?" என்றார் ஒருங்கிணைப்பாளர். அவர் கஷ்டமும் புரிகிறது. பேச்சாளர்களின் விமானம் எல்லாம் அதற்கேற்பப் போட்டாயிற்று.

அடுத்த முறைக்கு ஒரு ஏற்பாடு பேசியிருக்கிறோம்: ஆய்வுகளைப் போஸ்டராக ஒட்டி விளக்கும் போஸ்டர் அமர்வை மதியத்திலிருந்து எடுத்து ஆறிலிருந்து ஏழரை வரை வைப்பது, சாப்பாடும் அங்கேயே. படித்தவர்களை இப்படி மடக்கி உட்கார வைப்பது சரியா என்று ஒருவர் கேட்டார், கேள்வி நியாயம்தான். காலையில் நடக்கப் போகிறவர்களுக்குத்தான் இன்னும் வழி அகப்படவில்லை. அவர்கள் ஆறு மணிக்கே கிளம்பிவிடுகிறார்கள், காவல் ஏழரைக்குத்தான். காலை உணவை ஆறரைக்கே தொடங்க முடியுமா என்று ஹோட்டலில் கேட்டோம். தலைக்கு இவ்வளவு என்று கூடுதல் கட்டணம் கேட்கிறார்கள்; அந்தச் செலவை எந்தக் கணக்கில் எழுதுவது என்று பேசிக்கொண்டிருக்கிறோம்.