தெரிந்து சொன்னதா, பயந்து சொன்னதா

"அண்ணா, இதைத் தெரிஞ்சு சொல்றீங்களா, பயந்து சொல்றீங்களா?" என்று அந்தத் தம்பி கேட்டான். கோபத்தில் கேட்கவில்லை. கேட்டுவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். "ரெண்டும்தான்" என்றேன். வேறு எதுவும் அப்போது வாயில் வரவில்லை. அந்தப் பதிலை இன்னும் மனதுக்குள் புரட்டிக்கொண்டிருக்கிறேன்.

விஷயம் சின்னதுதான். ஃபுட்டேஜ், அதாவது படம்பிடித்த காட்சிகள், முழுக்க ஒரு 3.5 அங்குல வெளி ஹார்ட் டிஸ்க்கில் காப்பி ஆகிவிட்டது. வாங்கிப்போக ஆள் வந்து காத்திருக்கிறார். வயரை எடுக்கும் முன் கொடுக்க வேண்டிய எஜெக்ட்டைக் கொடுத்தால், டிஸ்க் பயன்பாட்டில் இருக்கிறது என்று விண்டோஸ் மறுக்கிறது. திறந்திருந்த ஃபோல்டர்களை எல்லாம் மூடியும் அதே பதில். விண்டோஸின் நிகழ்வுப் பதிவேடான ஈவன்ட் வியூவரில் 225 என்ற எண்ணுள்ள பதிவைத் தேடினால், டிஸ்க்கை எந்த நிரல் பிடித்து வைத்திருக்கிறது என்று பெயரோடு இருக்கும். பார்த்தேன். எடிட்டிங் மென்பொருள்தான். அது தற்காலிகக் கோப்புகளை வைக்கும் கேஷ் ஃபோல்டரை யாரோ இந்த டிஸ்க்குக்கு மாற்றி வைத்திருந்தார்கள். அதே மென்பொருளில் வேறொரு வேலையின் ரெண்டர் (எடிட் செய்ததை முழு வீடியோவாக்குவது) மதியத்திலிருந்து ஓடிக்கொண்டிருந்தது. அது அந்தத் தம்பியின் வேலை.

ரெண்டரை நிறுத்து, மென்பொருளை மூடு, அப்புறம் எஜெக்ட் செய்யலாம் என்றேன். அங்கேதான் பேச்சு தொடங்கியது.

அவன் விவரம் தெரியாமல் பேசவில்லை. "காப்பி முடிஞ்சிருச்சு. கேஷ்ல இருக்கிறது பழைய வேலையோடது, அது போனாலும் பரவாயில்லை. விண்டோஸ் 10-ல 1809 வந்ததிலிருந்து குயிக் ரிமூவல்தானே இயல்பா இருக்கு, சும்மா பிடுங்கினாலே போதும்ல?" என்றான். பொதுவாக அது உண்மை. 2018-இல் வந்த அந்தப் பதிப்பிலிருந்து, வெளி டிஸ்க்குகளுக்கு எழுத வேண்டியதை நினைவகத்தில் சேர்த்து வைக்கும் தன் பக்கத்து ரைட் கேஷை விண்டோஸ் பயன்படுத்தாமல் இருப்பதே இயல்பான அமைப்பு. ஆனால் இந்த டிஸ்க்கை நான் அந்த ரைட் கேஷைப் பயன்படுத்தும் 'பெட்டர் பெர்ஃபார்மன்ஸ்' என்ற அமைப்புக்கு மாற்றியிருந்தேன். காப்பி மெதுவாகப் போகிறது என்று எடிட்டர்கள் கேட்டுக்கொண்டதால் செய்தது. அந்த அமைப்பில் காப்பிப் பட்டை 100 சதவீதம் காட்டினாலும், எல்லாம் டிஸ்க்கின் தட்டில் எழுதப்பட்டுவிட்டது என்று அர்த்தமில்லை. கடைசிப் பகுதி இன்னும் கணினியின் நினைவகத்தில் இருக்கலாம். டிஸ்க்குக்கு உள்ளேயே ஒரு சின்ன கேஷ் வேறு உண்டு.

அதோடு அந்த டிஸ்க் எக்ஸ்ஃபேட் என்ற கோப்பு முறையில் ஃபார்மேட் ஆனது. வாங்கிப்போகிறவர் வைத்திருப்பது மேக். விண்டோஸின் வழக்கமான கோப்பு முறையான என்டிஎஃப்எஸ்ஸை மேக் படிக்கும், தானாக எழுதாது. இரண்டு பக்கமும் எழுத வேண்டுமென்றால் எக்ஸ்ஃபேட்தான் வசதி. அதில் ஜர்னல், அதாவது செய்யப்போகும் மாற்றங்களை முன்கூட்டியே குறித்து வைக்கும் பதிவு, கிடையாது. கோப்புகளின் பட்டியலை எழுதும் நேரத்தில் இணைப்பு அறுந்தால் கெடுவது ஒரு கோப்பாகவும் இருக்கலாம், ஒரு ஃபோல்டரே காணாமல் போகவும் செய்யலாம். கேமரா கார்டுகளை ஏற்கெனவே ஃபார்மேட் செய்து அடுத்த படப்பிடிப்புக்குக் கொடுத்தாயிற்று. முழு ஃபுட்டேஜும் இருந்த ஒரே இடம் அந்த டிஸ்க்.

இதையெல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டான். பிறகு, "சரிண்ணா. இப்ப பிடுங்கினா கெட்டுப்போகும்னு உறுதியா சொல்ல முடியுமா?" என்றான். முடியாது என்றேன். அதற்குப் பிறகுதான் அந்தக் கேள்வி.

ரெண்டரை நிறுத்தினான். மென்பொருளை மூடியதும் எஜெக்ட் உடனே ஏற்றுக்கொண்டது. செய்தி வந்த பிறகும் அடாப்டரைக் கழற்ற விடாமல் டிஸ்க்கின் மேல் கையை வைத்துக் காத்திருந்தேன். நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான முறை சுழலும் தட்டு நிற்க சில நொடிகள் பிடிக்கும். முதலில் அதிர்வு குறையும், பிறகு தட்டில் படித்து எழுதும் ஹெட் ஒதுங்கும் அந்த மெல்லிய 'டக்', அப்புறம் ஒன்றுமில்லை. அதன் பிறகே வயரை எடுத்தேன். டிஸ்க் போனது, ஃபுட்டேஜ் ஒழுங்காக இருந்தது. அவன் இரவு தங்கி ரெண்டரை முதலிலிருந்து போட்டான்.

இந்தக் கணக்கை எப்படிப் போட்டுப் பார்த்தாலும் எனக்கு நேராக வரவில்லை. நான் தடுத்தது என்ன என்று யாருக்கும் காட்ட முடியாது. கெட்டுப்போகாத ஃபுட்டேஜ் எதற்கும் சாட்சி சொல்லாது. அவன் இழந்ததோ கண்முன்னே இருந்தது, மணிக்கணக்கான ரெண்டர், ஓர் இரவுத் தூக்கம். விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் போய் டிஸ்க்கை ஆஃப்லைன் ஆக்குவது, அதாவது வயரை எடுக்காமலே விண்டோஸின் பிடியிலிருந்து விடுவிப்பது, என்று நடுவில் ஒரு வழி இருந்தது. அதையும் யோசித்தேன். கேஷ் கோப்பு கையை விட்டுப் போனால் மென்பொருள் விழும், ரெண்டர் எப்படியும் போகும் என்று நினைத்தேன். நினைத்ததுதான், சோதித்துப் பார்த்ததில்லை. அப்படியே விழுந்திருந்தாலும் இழப்பு அதே ரெண்டர்தானே என்று ஒரு மனம் சொல்கிறது. அந்த ஒரே டிஸ்க்கை வைத்துக்கொண்டா சோதனை செய்வது என்று இன்னொரு மனம் கேட்கிறது.

டிஸ்க் திரும்பி வந்ததும் டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்து வைக்கும் ஸ்மார்ட் பட்டியலைத் திறந்து பார்த்தேன். அதில் 192 என்ற வரி, மின்சாரம் திடீரென்று போய் ஹெட் அவசரமாக ஒதுங்கிய தடவைகளைப் பெரும்பாலும் எண்ணி வைத்திருக்கும். அந்த எண்ணிக்கை கொஞ்சநஞ்சமில்லை. மின்வெட்டும் அதில் சேரும் என்பதால் யார் பிடுங்கினார்கள் என்று சொல்ல முடியாது. அத்தனையையும் தாங்கித்தான் அந்த டிஸ்க் ஓடுகிறது. மின்சாரம் நின்றதும், சுழன்றுகொண்டிருக்கும் மோட்டாரே ஒரு கணம் ஜெனரேட்டர் ஆகி ஹெட்டை ஓரத்துக்குக் கொண்டுபோய்விடும். அதைச் செய்தவர்கள் இந்தப் பிடுங்கலை எதிர்பார்த்தே செய்திருக்கிறார்கள். தம்பி சொன்னதற்கு இது ஆதரவு. ஆனால் ஒதுங்குவது ஹெட் மட்டும்தான். எழுதாமல் நினைவகத்தில் நின்றுபோனதை அந்த மோட்டார் எழுதிக் கொடுக்காது.

கேஷ் ஃபோல்டர் இனி உள் டிஸ்க்கில்தான் என்று எல்லாக் கணினியிலும் மாற்றிவிட்டேன். அவன் இப்போது என்னிடம் கேட்பதில்லை. எஜெக்ட் மறுத்தால் கணினியையே ஷட் டவுன் செய்துவிட்டு வயரை எடுக்கிறான். பிடுங்குவதைவிட அது எவ்வளவோ மேல். ஆனாலும் கணினி சீக்கிரம் திறக்க உதவும் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் இயக்கத்தில் இருந்தால் ஷட் டவுன் என்பது பாதி ஹைபர்னேட்தான், அதாவது நினைவகத்தில் இருப்பதில் ஒரு பகுதியை அப்படியே சேமித்து வைப்பதுதான், ரீஸ்டார்ட் மாதிரி முழுக்க மூடுவதில்லை. அதை அவனிடம் சொல்ல வேண்டும். சொன்னால் அதே கேள்வியை மறுபடி கேட்பான். இந்த முறை தெரிந்துதான் சொல்கிறேன் என்று சொல்லலாம். அப்படியானால் அன்றைக்கு என்ன என்பான்.