காற்றாடிமலை நேர்ச்சை

புனித தேவசகாயம் விசுவாசத்துக்காக உயிர்விட்ட காற்றாடிமலைக்கு நேர்ச்சை தீர்க்கப் போகிறவர்கள் நேரே ஆரல்வாய்மொழியில் போய் இறங்கிவிட வேண்டாம். நட்டாலத்தில் தொடங்குங்கள். 1712 ஏப்ரல் 23-ல் நம் மறைசாட்சி நீலகண்டன் என்ற பெயரில் பிறந்த ஊர் அது, மார்த்தாண்டத்துக்குப் பக்கம்தான். அங்கிருந்து புலியூர்க்குறிச்சி, பெருவிளை, கோட்டாறு, காற்றாடிமலை, கடைசியாக வடக்கன்குளம். சொந்த வண்டி என்றால் விடியற்காலையில் கிளம்பி ஒரே நாளில் முடிக்கலாம். பேருந்தில் வருகிறவர்கள் நாகர்கோவிலில் இரவு தங்கி, மறுநாள் காலை வடசேரியிலிருந்து திருநெல்வேலி வண்டி ஏறுவது நல்லது.

புலியூர்க்குறிச்சியில், அவர் முழங்கையால் இடித்தபோது தண்ணீர் ஊறியதாகச் சொல்லப்படும் முட்டிடிச்சான் பாறையில் ஜெபித்துவிட்டு, உதயகிரிக் கோட்டைக்குள் இருக்கும் டிலனாய் கல்லறைக்கும் போய் வாருங்கள். பலர் இதை விட்டுவிடுகிறார்கள். 1741 குளச்சல் போரில் பிடிபட்ட இந்த டச்சுத் தளபதிதான், மாடுகள் சாகிறதே, வயல் அழிகிறதே என்று மனமுடைந்து நின்ற அரண்மனை அதிகாரி நீலகண்டனுக்கு, எல்லாம் இழந்தும் கடவுளை விடாத பைபிள் யோபுவின் கதையைச் சொன்னவர். விசுவாசம் முளைத்தது அங்கேதான்.

அந்த யோபுவை இன்று எப்படிப் பிரசங்கிக்கிறார்கள் என்று பாருங்கள். ஆரம்பத்தில் 7,000 ஆடு, 3,000 ஒட்டகம். முடிவில் 14,000 ஆடு, 6,000 ஒட்டகம். ஆகவே கொடுங்கள், இரட்டிப்பாக வரும் என்று காணிக்கைக் கவரை நீட்டுகிறார்கள். நடுவில் சாம்பலில் உட்கார்ந்திருந்த மனிதனைப் பற்றிப் பேச்சே இல்லை. இதைக் கேட்கும்போதெல்லாம் மனசு வலிக்கிறது. அதே யோபுவைக் கேட்டு 1745 மே 14-ல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றவருக்கு ஒரு மாடுகூட இரட்டிப்பாக வரவில்லை. 1749 பிப்ரவரியில் கைது. உத்தியோகம் போயிற்று, வீடு போயிற்று. எருக்கம்பூ மாலை போட்டு, எருமை மேல் பின்பக்கமாக உட்காரவைத்து ஊர் ஊராக இழுத்துப் போனார்கள். பெருவிளையில் வேப்பமரத்தில் கட்டிவைத்தார்கள். எதையும் அவர் திருப்பிக் கேட்கவில்லை.

வியாபாரம் ஓடணும், விசா கிடைக்கணும், கடன் அடையணும் என்று அவரிடம் கேட்பது தப்பில்லை. பிள்ளை அப்பாவிடம் கேட்காமல் யாரிடம் கேட்கும்? பேரம் பேசுவதுதான் தப்பு. இவ்வளவு லாபம் வந்தால் இவ்வளவு போடுகிறேன் என்கிற நேர்ச்சை வேண்டாம். தொகையை வீட்டிலேயே முடிவுசெய்து, கவரில் போட்டு ஒட்டி, முதல் வேலையாகப் பெட்டியில் சேர்த்துவிடுங்கள். கையில் வைத்துக்கொண்டே நின்றால் கூட்டலும் குறைத்தலும் மனசுக்குள் ஓடும், ஜெபம் ஓடாது. ஏழை விதவையின் இரண்டு காசை எண்ணிப் பார்த்த இயேசு நம் கவரையும் பார்க்கிறார்.

கோட்டாறு சவேரியார் பேராலயத்தில் தேவசகாயம் கல்லறை முன் நிதானமாக நிற்க வேண்டுமானால் சாதாரண வார நாளில் போங்கள். டிசம்பர் 3-ல் முடிகிற திருநாள் நாட்களில் தரையில் விழுந்து வணங்கிக் கும்பிடு நமஸ்காரம் செய்கிறவர்களும் தேர்க் கூட்டமும் சேர்ந்து நகர்த்திவிடும். திருநாள் கூட்டம் என்றால் எங்கேயும் தரகர்களும் வந்துவிடுகிறார்கள். உள்ளே சீக்கிரம் கூட்டிப்போகிறேன் என்பார்கள், பூசைக்கு நான் எழுதிக்கொடுக்கிறேன் என்பார்கள். ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். பூசையில் எதற்காக வேண்ட வேண்டும் என்கிற பூசைக்கருத்தை ஆலய அலுவலகத்தில் நீங்களே சொல்லி ரசீது வாங்குங்கள்.

காற்றாடிமலைக்கு ஒன்பது மணிக்குள் போய்விடுங்கள். வெயில் ஏறினால் பாறையில் வெறுங்கால் வைக்க முடியாது. தண்ணீர் கையோடு இருக்கட்டும். கணவாய்க் காற்றுக்கு மெழுகுதிரி நிற்காது. கட்டுக்கட்டாக வாங்கி, அணைய அணையக் கொளுத்திக் கும்பலாகப் போட்டு வராதீர்கள். கண்ணாடிக்கூட்டு விளக்கு ஒன்று போதும். ஜனவரி 14, அவர் உயிர்விட்ட நாள், பொங்கலோடு சேர்ந்து வருவதால் அன்று நடக்கவே இடம் இருக்காது.

அவர் முழங்காலிட்ட தடம் என்று நாம் முத்தம் செய்கிற குழிகளுக்குப் பக்கத்தில் கொஞ்ச நேரம் முழங்காலில் நில்லுங்கள். ஐந்து நிமிடத்தில் முட்டி எரியும். சரளை குத்தும். கேட்க வந்த பட்டியல் ஒவ்வொன்றாக மறந்துபோகும். 1752-ல் இந்தப் பாறையில்தான் சுட்டார்கள். உடலைக் காட்டில் வீசினார்கள். எலும்புகளைப் பொறுக்கிக்கொண்டு போய்க் கோட்டாற்றில் அடக்கம் செய்தார்கள் நம் முன்னோர். மணியடிச்சான் பாறையைச் சிறு கல்லால் மெதுவாகத் தட்டினால் போதும், கணீரென்று கேட்கும். ஓங்கி அடித்து அடித்து விளிம்பு உடைகிறது, பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள்.

இறங்கியதும் காவல்கிணறு வழியாக வடக்கன்குளம். அவர் ஞானஸ்நானம் பெற்ற ஊர். அவர் மனைவி பார்கவி அம்மாளும் அங்கேதான் ஞானஸ்நானம் பெற்று ஞானப்பூ ஆனார், அங்கேதான் அடக்கமும் ஆனார். அரண்மனை அதிகாரியின் மனைவியாக இருந்தவர், கணவன் செத்தபின் திரும்பிப் போகாமல் அந்த ஊரிலேயே இருந்துவிட்டார். அவருக்கு ஒரு செபமாலை சொல்லாமல் வராதீர்கள். 2022 மே 15-ல் போப் பிரான்சிஸ் புனிதர் பட்டம் கொடுத்தபோது பிள்ளை என்ற சாதிப் பெயரையும் சேர்க்கவில்லை. சொத்தும் இல்லை, சாதிப் பட்டமும் இல்லை, வெறும் தேவசகாயம். புனிதரே, எங்கள் மண்ணில் பிறந்ததற்கு நன்றி. டிலனாயை உம்மிடம் அனுப்பியதற்கு ஆண்டவருக்கு நன்றி. கேட்டது கிடைத்தவர்களுக்காகவும் நன்றி, கிடைக்காமலும் வருஷாவருஷம் மலையேறி வருகிறவர்களுக்காக அதைவிட நன்றி.