பைக்குள் சுருண்ட வேர்: மூன்று செடிகளோடு பட்ட பாடு

போன மாசிக் கடைசியில் தஞ்சாவூர் சாலையில் இருக்கும் ஒரு நர்சரியில் இரண்டு ஃபைகஸும் (ஆல், அரச மர இனம்) ஒரு காகிதப்பூவும் வாங்கினேன், போன்சாய்க்காக, அதாவது ஆழமில்லாத சட்டியில் மரத்தைக் குட்டையாக வளர்ப்பதற்காக. அடிமரம் பெருவிரல் பருமன் இருக்கிறதா என்று மட்டும் பார்த்தேன். பையைத் தூக்கி அடிப்பக்கம் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் ஓட்டை வழியாக வேர் வெளியே வந்து மடிந்து கிடந்தது கண்ணில் பட்டிருக்கும்.

திருவையாற்றில் வீட்டுக்கு வந்து முதல் ஃபைகஸின் பையைக் கிழித்தால், இடியாப்பம் பிழிந்த மாதிரி வேர் சுற்றிச் சுற்றிக் கிடந்தது. நடுவில் கல்லாய் இறுகிய செம்மண். பக்கவாட்டில் கத்தியால் நாலு கீறல் போட்டு, அடியில் இரண்டு அங்குலம் அறுத்து, உருண்டையை அப்படியே சட்டியில் வைத்துப் புதுக் கலவையை நிரப்பினேன். தினமும் தண்ணீர் விட்டும் சித்திரையில் இலை மஞ்சளாகிக் கொட்டி, செடி காய்ந்துவிட்டது. பிடுங்கிப் பார்த்தேன். சுற்றியிருந்த கலவை ஈரமாகத்தான் இருந்தது. நடு உருண்டைதான் புழுதியாய்க் காய்ந்திருந்தது. விட்ட தண்ணீர் எல்லாம் இளகிய மண் வழியாகவே இறங்கிப் போயிருக்கிறது.

இதைப் பார்த்த அத்தை, “நாத்துப் பறிச்சா வேரை அலசாமலா முடி கட்டுறோம்? இதையும் தண்ணியில போட்டு அலசுடா” என்றார். நடவுக்குப் போய்ப் பழகிய கை அவருடையது.

அக்னி நட்சத்திரம் கழியட்டும் என்று காத்திருந்து, ஆனியில் இரண்டாவது ஃபைகஸை எடுத்தேன். ராத்திரி முழுக்க வாளித் தண்ணீரில் ஊறவைத்ததும் மண் குழைந்துவிட்டது. காலையில் மூங்கில் குச்சியால் அடிமரத்திலிருந்து வெளிப்பக்கமாக, தலையில் சிக்கெடுப்பது போல நிதானமாக இழுத்தேன். மூன்று மணி நேரம் ஆனது. மேல்மண் இரண்டரை அங்குலம் போன பிறகுதான் உண்மையான வேர்க்கழுத்தே, அதாவது அடிமரம் வேராகப் பிரியும் இடமே, தெரிந்தது. பென்சில் பருமனில் ஒரு வேர் அதைச் சுற்றி இறுக்கியிருந்தது. மரமும் வேரும் பருக்கப் பருக்க அந்த இடம் நெரிபடும், பட்டை வழியாகக் கீழே இறங்கும் சாறு தடைப்படும். அதை முதலில் நறுக்கினேன். பால் வடிந்தது, கழுவிவிட்டேன். நேர் கீழே இறங்கிய தடித்த வேர்களையும் வெட்டினேன். மயிர்போன்ற சல்லிவேர்களை முடிந்தவரை விட்டுவைத்தேன். தண்ணீர் குடிப்பது அவைதான். வேர் ஏறக்குறைய பாதி போனதால் கிளைகளையும் குறைத்தேன். வேலை முடியும்வரை வேர்மேல் ஈரச் சாக்கு.

கலவை: சலித்த செங்கல் ஜல்லி 2 பங்கு, பரு மணல் 1 பங்கு, மட்கிய சாண எரு 1 பங்கு. நம் வயல் வண்டல் நெல்லுக்குத் தங்கம்தான், ஆனால் ஆழமில்லாத சட்டியில் மழை பட்டால் சேறாகி வேரை அழுக வைக்கும். நட்டபின் செப்புக் கம்பியால் சட்டியோடு கட்டினேன். மரம் ஆடினால் புதிதாக விடும் வேர்நுனி ஒடிந்துவிடும். அப்புறம் வேப்பமர நிழலில் மூன்று வாரம். 18ஆம் நாள் துளிர் வந்தது. ஆறு வாரம் கழித்துத்தான் கடலைப் பிண்ணாக்குக் கரைசல் கொடுத்தேன்.

காகிதப்பூவையும் அதே வாரம் அதே மாதிரி அலசினேன். அதுதான் தப்பு. அதன் வேர் நூல் மாதிரி அறுந்து கையோடு வந்தது, பிறகு துளிர்க்கவே இல்லை. இன்னமும் மனசு கேட்கவில்லை. ஆவணியில் வேறொன்று வாங்கி, வெளிச்சுற்றையும் அடியையும் மட்டும் குச்சியால் தளர்த்திவிட்டு நட்டேன். உருண்டையின் நடுவைத் தொடவில்லை, ஆனால் அது காயாதபடி மரத்தடியிலேயே மெதுவாகத் தண்ணீர் விடுகிறேன். இப்போது பூத்திருக்கிறது. மிச்சத்தை அடுத்த வருஷம் பார்க்க வேண்டும்.

ஃபைகஸ் ஐப்பசி மழையையும் தாங்கிவிட்டது. ஒரு பக்கம் மட்டும் மேல்வேர் இல்லாமல் மொட்டையாக இருக்கிறது. வருகிற பங்குனியில் அந்த இடத்துப் பட்டையை லேசாகச் சீவி, ஈரப் பாசி வைத்துக் கட்டி, அங்கே வேர் விடுகிறதா என்று பார்க்கப் போகிறேன்.